புள்ளிகளுக்குக் கொடுத்த விலை

வீட்டில் இருக்கும் விளையாட்டுப் பெட்டி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தைக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதே விளையாட்டுகளை இன்னும் நுண்மையான படமாகக் காட்டும் என்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? மாணவர்கள் இதைக் கேட்கும்போது சிறுபிள்ளை ஆசை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய கேள்வி இது. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது, வட்டு போடும் வசதியுள்ள பெட்டியின் விலை 49,990 ரூபாய். விளையாட்டுகளுக்குத் தனிக் கணக்கு. இத்தனை பெரிய செலவுக்கு முன், இதே கேள்வியை எதிர்கொண்ட முந்தைய தலைமுறைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது தகும் அல்லவா?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திரையில் தோன்றும் படம் புள்ளிகளால் ஆனது. அகலவாக்கில் எத்தனை புள்ளி, உயரவாக்கில் எத்தனை புள்ளி என்பதே பிரிதிறன். 1983இல் வந்த ஃபாமிகாமில் 256க்கு 240, மொத்தம் 61,440 புள்ளிகள். இன்று 4கே எனப்படும் படத்தில் 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். நாற்பது ஆண்டுகளில் 135 மடங்கு பெருகியிருக்கிறது. இந்த 135 மடங்கில் விளையாடுபவர் கண்ணுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது எவ்வளவு, அதற்காகக் கொடுத்த பணத்துக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது என்ன என்பவையே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். நம் முடிவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புதுப் பெட்டியால் பயன் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயன் பெரும்பாலும் புள்ளிகளால் வந்ததன்று.

1983 ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாமை 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதே நாளில் சேகா நிறுவனமும் தன் முதல் வீட்டுப் பெட்டியான எஸ்ஜி-1000ஐக் கொண்டுவந்தது. ஃபாமிகாம் நமக்கு அந்நியமானதன்று. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்றவை பெரும்பாலும் இதன் நகல்களே. '9999 இன் 1' என்று அச்சிட்ட கேசட்டைச் செருகி, எண்ணிப் பார்த்தால் சில பத்து விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தலைமுறையில் பிரிதிறனைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்படவும் வழியில்லை. படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதைப் பெட்டி மட்டும் தீர்மானிக்கவில்லை; கூடத்தில் இருந்த படக்குழாய்த் தொலைக்காட்சியும் சேர்ந்தே தீர்மானித்தது.

தொலைக்காட்சியின் பங்கை விளக்க ஐரோப்பியர் பட்ட பாடு ஒன்றே போதும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிபரப்பு முறை 525 வரிகளைக் கொண்டது. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் 625 வரிகள், நொடிக்கு 50 முறை. வரி கூடுதல் என்றால் ஐரோப்பியர்க்கு மேலான படம் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. விளையாட்டுகள் 60ஐக் கணக்கில் கொண்டு ஜப்பானில் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றி அமைக்காமல் அப்படியே 50க்கு அனுப்பியபோது ஓட்டம் ஆறில் ஒரு பங்கு மந்தமாயிற்று. பல விளையாட்டுகளில் இசையும் இழுத்துப் பாடிற்று. கூடுதல் வரிகளை நிரப்பப் படம் இல்லாமையால் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றின. வரி மிகுந்த திரையை வைத்திருந்தவர்கள் குறைந்த விளையாட்டை விளையாடினார்கள். திரையின் திறன் என்பது அதற்கென்று செய்யப்பட்ட படைப்பு இல்லாவிடில் வெறும் எண்ணே என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

பெட்டிகளுக்கிடையே முதல் பெரும் போர் 1988க்குப் பின் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் சேகாவின் மெகா டிரைவ் வந்தது. 1990 நவம்பரில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் வந்தது. புள்ளிக் கணக்கில் சேகாவே முன்னிலை வகித்தது. மெகா டிரைவ் 320க்கு 224 புள்ளிகளைத் தர, சூப்பர் ஃபாமிகாமின் பெரும்பாலான விளையாட்டுகள் 256க்கு 224இலேயே நின்றன. வண்ணங்களிலோ நிலைமை தலைகீழ். மெகா டிரைவ் 512 வண்ணங்களிலிருந்து ஒரு நேரத்தில் அறுபதைச் சற்றுத் தாண்டும் அளவே திரையில் காட்டும். சூப்பர் ஃபாமிகாம் 32,768இலிருந்து 256ஐக் காட்டும். அமெரிக்காவில் இரண்டும் ஏறத்தாழச் சம பலத்துடன் மோதின. உலகக் கணக்கில் சூப்பர் ஃபாமிகாம் 4.9 கோடிப் பெட்டிகள் விற்றது. மெகா டிரைவின் விற்பனை 3 கோடியை ஒட்டியே சொல்லப்படுகிறது.

இந்தப் போரில் நாம் நின்று பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. 1991இல் வெளியான 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' விளையாட்டின் முதற்கட்டத்தில் அருவிகள் விழும். அந்த அருவியைத் துல்லியமான திரையில் இன்று பார்த்தால் செங்குத்தான கோடுகள் வரிசையாக நிற்பதே தெரியும். ஒரு கோடு நீர், அடுத்தது வெறுமை. ஒளிபுகும் நீரை வரையும் திறன் மெகா டிரைவுக்கு இல்லை. ஆனால் அக்கால வீடுகளில் பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைத்த ஒற்றைக் கம்பி, படத்தின் எல்லாச் செய்தியையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும். அந்தக் கலப்பில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். கோடுகள் கரைந்து, பின்னணிப் பாறை தெரியும் நீராக மாறும். ஓவியர்கள் இதை அறிந்தே அவ்வாறு தீட்டினர். பல வண்ணம் இல்லாத குறையையும் இதே கசிவால் ஈடுகட்டினர். மேலான கம்பி வாங்கி மாட்டியவர் வீட்டில்தான் அருவி வற்றிப்போயிற்று!

ஓலைச்சுவடி படித்தவர்க்கு இது வியப்பாக இராது. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவது ஏட்டு மரபு. எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது. படைப்பு ஏட்டில் பாதி, படிப்பவரிடம் பாதி இருந்தது. பழைய விளையாட்டுகளிலும் படம் பெட்டியில் பாதி, படக்குழாயில் பாதி இருந்தது. இந்தப் பாதியை மறந்துவிட்டு மற்றப் பாதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதால் வரும் தொல்லையைப் பின்னர் மூடுபனிக் கதையில் மீண்டும் சந்திப்போம்.

கையடக்கப் பெட்டிகளின் கதை சுருக்கமானது. 1989இல் வந்த கேம் பாய் 160க்கு 144 புள்ளிகளும் பச்சையோடிய நான்கு சாயல்களும் கொண்டது. மறு ஆண்டு சேகா அதே புள்ளிகளை வண்ணத்திலும் பின்னொளியிலும் காட்டும் கேம் கியரை வெளியிட்டது. அது ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய்க்கு நான்கு மின்கலம் போதும், பல மடங்கு நேரமும் ஓடும். அதை வடிவமைத்த கும்பெய் யோக்கோய், பழகித் தேய்ந்த தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவது என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து ஏறத்தாழ 11.9 கோடி விற்றன.

கூடுதல் பிரிதிறனுக்கென்று தனியே காசு கேட்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? 1998இல் நின்டெண்டோ 64 பெட்டிக்கு வந்த 'எக்ஸ்பான்ஷன் பேக்' என்ற சிறு துண்டை நாம் முன்னோடியாகக் காட்டலாம். பெட்டியின் முகப்பில் செருகினால் 4 மெகாபைட் நினைவகம் 8 ஆகும். அவ்வாண்டே வந்த 'டூரோக் 2' அதைக் கொண்டு நுண்மையான படத்தைக் காட்டியது. சில விளையாட்டுகளில் இந்த நுண்மையைத் தேர்ந்தால் ஓட்டம் தடுமாறும். கண்ணுக்குக் கூடியது கைக்குக் குறைந்துவிடும். ஆனால் அதே துண்டு வேறு விதமாகவும் பயன்பட்டது. 2000இல் வந்த 'பர்ஃபெக்ட் டார்க்' விளையாட்டில் துண்டு இல்லாவிடில் ஏறத்தாழ 35 விழுக்காடுதான் கிடைக்கும் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அதே ஆண்டின் 'செல்டா: மஜோராஸ் மாஸ்க்' படத்தை நுண்மையாக்கவே இல்லை. கூடுதல் நினைவகத்தை ஓர் ஊரின் மக்கள் நடமாட்டத்துக்குச் செலவிட்டது. மூன்று நாள் சுழற்சியில் ஒவ்வொருவரும் தத்தம் நேரத்தில் தத்தம் வேலைக்குப் போகும் ஊர் அது. துண்டை வாங்கியவர்கள் இன்றளவும் நினைவில் வைத்துப் பேசுவது டூரோக்கின் புள்ளிகளையா, மஜோராவின் ஊரையா என்று வாசகர்களே சொல்லட்டும்.

அடுத்த தலைமுறையில் பிரிதிறன் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. 1998 நவம்பரில் வந்த டிரீம்காஸ்ட், கணினித் திரையில் இணைத்தால் அக்காலத்தில் ஒப்பற்ற தெளிவைத் தந்தது. விற்றது ஏறத்தாழ 91 லட்சம். 2001இன் முதல் எக்ஸ்பாக்ஸ் சில விளையாட்டுகளை உயர்தெளிவுத் திரைக்கே அனுப்ப வல்லது. விற்றது ஏறத்தாழ 2.4 கோடி. 2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2 இவ்விரண்டைவிடவும் மங்கலான படம் தந்ததாகக் குறை கூறப்பட்டது. விற்றது 15 கோடிக்கு மேல். 39,800 யென்னுக்கு விளையாட்டுப் பெட்டியோடு டிவிடி இயக்கியும் கிடைத்தது என்பதும், முந்தைய பெட்டியின் வட்டுகள் இதிலும் ஓடின என்பதும் மக்களுக்குப் புள்ளிகளைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

பிரிதிறன் கொடிபிடித்து வந்தது 2005இல். அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் ஜே அலார்ட் 'எச்டி யுகம்' பிறந்துவிட்டது என்று முழங்கினார். நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. குறைந்தது 720 வரிகள் இல்லாத விளையாட்டை ஏற்பதில்லை என்பது தொடக்ககால விதி. மறு ஆண்டு சோனியின் பிளேஸ்டேஷன் 3, 1080 வரிகளையும் புளூ-ரே வட்டையும் ஏந்தி, அமெரிக்காவில் 499 டாலர், 599 டாலர் என்று இரு விலைகளில் இறங்கியது.

யுகம் பிறந்துவிட்டது; வீடுகளில் தொலைக்காட்சி மாறவில்லை. இங்கேதான் ஏழைக் கண்ணின் அவலம் ஒன்று நிகழ்ந்தது. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'டெட் ரைசிங்' விளையாட்டில், என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் சிறு எழுத்துகளில் திரையில் வரும். உயர்தெளிவுத் திரையில் அவை படிக்கும்படி இருந்தன. பழைய படக்குழாயில் எழுத்துகள் கசங்கி வாசிக்க முடியாமல் போயின. முழு விலை கொடுத்து வாங்கியவர், பெட்டிக்காக இன்னொரு தொலைக்காட்சி வாங்காததால், விளையாட்டின் சொற்களை இழந்தார். மொழி பயிற்றுவிக்கும் நமக்கு இதைவிட உறுத்தலான செய்தி இந்த வரலாற்றில் வேறில்லை. பெட்டியை மாற்றினால் கூடவே திரையையும் மாற்ற வேண்டும் என்ற மறைமுகக் கட்டளை அன்று பிறந்தது.

கொடி பிடித்தவர்களே விதியைக் காத்தார்களா? இல்லை. 2007இன் 'ஹாலோ 3' மைக்ரோசாஃப்டின் சொந்தப் பெருமைக்குரிய விளையாட்டு. அது உள்ளே 1152க்கு 640 புள்ளிகளில்தான் வரையப்பட்டுப் பெரிதாக்கப்படுகிறது என்பதை ஆர்வலர்கள் எண்ணிக் கண்டுபிடித்தனர். உருவாக்கிய பன்ஜி நிறுவனம் மறைக்கவில்லை. ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வீச்சை முழுதாகக் காக்க ஒரே படத்தை இருமுறை வரைய வேண்டியிருந்தது. அதற்காகப் புள்ளிகளைக் குறைத்தோம் என்று விளக்கியது. அதே ஆண்டு வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4' இன்னும் கீழே 1024க்கு 600இல் நின்றது; நொடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தை விட்டுக்கொடுக்க அது விரும்பவில்லை. கலைஞர்களிடம் விட்டால் புள்ளிகளை விற்று ஒளியையும் வேகத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன. பெட்டியின் அட்டையில் இருந்த எண்ணும் உள்ளே இருந்த எண்ணும் ஒன்றல்ல என்பது வாங்கியவர் பலருக்குத் தெரியாது; தெரியாமலே மகிழ்ந்து விளையாடினார்கள் என்பதும் உண்மை.

இந்தச் சந்தடிக்கு நடுவே 2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ வந்தது. 480 வரிகளுக்கு மேல் ஏறாது. விலை 250 டாலர். கையை வீசினால் திரையில் மட்டை வீசும். பாட்டியும் பேரனும் சேர்ந்து பந்தாடினார்கள். பத்துக் கோடிக்கு மேல் விற்று, பிளேஸ்டேஷன் 3இன் 8.7 கோடியையும் எக்ஸ்பாக்ஸ் 360இன் 8.4 கோடிக்கு மேற்பட்ட விற்பனையையும் தாண்டியது. பின்னர் 2012இல் அதே நிறுவனம் 1080 வரி தரும் வீ யூவை வெளியிட்டது. விற்றது 1.36 கோடி மட்டுமே. உயர்தெளிவு வந்ததால் தோற்றது என்று நாம் சொல்லவில்லை. பெயர்க் குழப்பமும் விளையாட்டுப் பஞ்சமும் காரணங்கள். உயர்தெளிவு வந்தும் அது காப்பாற்றவில்லை என்பதே நாம் சொல்வது.

எதிர்ச் சான்று இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஒரு வார இடைவெளியில் வந்தன. 'கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ்' முன்னதில் 1080 வரிகளிலும் பின்னதில் 720 வரிகளிலும் ஓடியது. இணையமெங்கும் அதே பேச்சு. பிளேஸ்டேஷன் 4 இறுதியில் 11.7 கோடி விற்றது. எக்ஸ்பாக்ஸ் ஒன் அதில் பாதியைத் தொடவில்லை என்று 2022இல் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. இங்கே புள்ளி மிகுந்த பெட்டிதான் வென்றது. ஆயினும் அது 399 டாலர், எதிராளி 499 டாலர் என்பதை மறக்கலாகாது. அவ்வாண்டு ஜூனில், இணைய இணைப்பு நாள்தோறும் வேண்டும், கைமாறிய வட்டுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, சில நாட்களிலேயே பின்வாங்கியது. நண்பனிடம் வட்டை இரவல் வாங்கி விளையாடிப் பழகியவனுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. மலிவாகவும் இருந்து புள்ளியும் கூடினால் எவர்தாம் வேண்டாம் என்பார்?

நம் கேள்வி தன் தூய வடிவில் எழுந்தது 2016 நவம்பரில். பிளேஸ்டேஷன் 4 புரோ, அதே விளையாட்டுகளை 4கே திரைக்கு ஏற்பக் காட்டுவதற்கென்றே வந்தது. அதற்கென்று தனி விளையாட்டு எதுவும் இல்லை. பல விளையாட்டுகளில் பாதிப் புள்ளிகளை மட்டும் புதிதாகக் கணித்து, மீதியை முந்தைய படத்திலிருந்து ஊகித்து நிரப்பும் சதுரங்கக் கட்ட முறையைக் கையாண்டது. 2017 நவம்பரில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் இன்னும் ஆற்றல் மிக்கது. 2017இல் சோனி தந்த கணக்கின்படி, புரோ வந்தபின் விற்ற பெட்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் புரோ. நான்கு பேர் சாதாரணப் பெட்டியே போதும் என்றனர்.

இவற்றின் அடுத்த வாரிசுகள் விளையாடுபவரிடமே தேர்வை விட்டன. நுண்மையான படம் வேண்டுமா, நொடிக்கு 60 படம் என்ற சீரான ஓட்டம் வேண்டுமா என்று பல விளையாட்டுகள் பட்டியலில் கேட்கும். 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகப்படுத்தியபோது அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஓர் உண்மையைச் சொன்னார். விளையாடுபவர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை ஓட்டத்தையே தேர்கிறார்களாம். அதாவது கையில் இருக்கும் புள்ளிகளையே மக்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய பெட்டியின் முதற்பெருமையை, வாங்கியவரே பட்டியலில் அணைத்து வைக்கிறார்! புரோவின் அறிமுக விலையோ 700 டாலராக இருந்தது. வட்டு இயக்கி தனி.

ஏன் இப்படி என்பதற்குக் கண்ணின் கணக்கு ஒன்று உண்டு. குறையில்லாத சராசரிக் கண்ணுக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் நுண்மையான இரு புள்ளிகளைப் பிரித்தறிவது கடினம். இதை 55 அங்குலத் திரைக்குப் போட்டுப் பார்ப்போம். திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ. 1080 வரிப் படத்தில் ஒரு புள்ளி 0.63 மி.மீ. இருக்கும். சற்றேறக்குறைய 7 அடிக்கு அப்பால் அமர்ந்தால் அந்தப் புள்ளியே தனித்துத் தெரியாது. அதை நான்காகப் பிளந்து என்ன பயன்? 43 அங்குலத் திரைக்கு இந்த எல்லை ஐந்தரை அடி. 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. சிலருக்குக் கூரிய பார்வை உண்டு. ஓரங்கள் மினுமினுப்பதும் மெல்லிய கம்பிகள் அறுந்து தோன்றுவதும் இந்த எல்லைக்கு அப்பாலும் உறுத்தக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் வீட்டுக் கூடங்களில் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று அளந்து பார்க்காமல் கடைக்குப் போவது முறையன்று. கடையில் நாம் திரைக்கு மூன்றடி முன்னால் நிற்கிறோம். அங்கே எல்லாம் அழகுதான்.

இனி மூடுபனிக் கதை. புதுப் பெட்டி வாங்குவோர் தாம் விரும்பிய பழைய விளையாட்டுகளை மெருகேற்றிய பதிப்பாக மீண்டும் வாங்குவது வழக்கம். 1999இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'சைலன்ட் ஹில்' ஒரு பேயூர்க் கதை. தொலைவில் உள்ள தெருவை வரையும் திறன் அந்தப் பெட்டிக்கு இல்லை. ஆகவே உருவாக்கியவர்கள் ஊரை மூடுபனியால் போர்த்தினர். இயலாமையை மறைக்க வந்த பனியே கதையின் அச்சமாயிற்று. 2001இன் இரண்டாம் பாகத்தில், இன்னும் வல்ல பெட்டி கிடைத்தபோதும், பனியை விடவில்லை. அதுவே அந்த ஊரின் உயிர் என்று உணர்ந்திருந்தனர். 2012இல் இவ்விளையாட்டின் உயர்தெளிவுப் பதிப்பு வந்தது. வேலையை ஏற்ற குழுவுக்கு இறுதி வடிவ மூல நிரல்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. விளைவு, பனி மெலிந்தது. படகில் செல்லும் காட்சியில் ஏரி நீர் சட்டென்று முடியும் ஓரம் கண்ணில் பட்டது. அச்சம் போய், அட்டைப்பெட்டியின் விளிம்பு தெரிந்தது.

இந்தப் பாடம் ஒன்பது ஆண்டுகளில் மறந்துபோயிற்று. 2004இன் 'ஜிடிஏ: சான் ஆன்ட்ரியாஸ்', மூன்று நகரங்களும் இடையே மலை பாலைகளும் கொண்ட ஒரு மாநிலம் என்று நம்பவைத்தது. நம்பவைத்தது அதன் புகைமூட்டமே. 2021 நவம்பரில் வந்த மெருகேற்றிய பதிப்பில் புகை நீங்கியது. மலையுச்சியில் நின்றால் மாநிலம் முழுதும் ஒரு பெரிய விளையாட்டுத் திடலாய்க் காலடியில் கிடந்தது. வெளியீட்டாளர் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டனர். பழைய ஒளியும் பனியும் திரும்பியது 2024 நவம்பரில் வந்த திருத்தத்தில்தான். அருவியை வற்றவைத்த அதே தெளிவு இங்கே ஒரு நாட்டையே சுருக்கிவிட்டது. பழைய விளையாட்டின் மேல் உள்ள பற்றினால் மட்டும் பெட்டியை மாற்ற எண்ணுவோர், மெருகேற்றிய பதிப்பைக் கையாண்டவர் யார், எப்படிக் கையாண்டார் என்று விசாரிக்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். பழைய பெட்டியை விற்றுவிடவும் வேண்டாம்.

அப்படியானால் மாறியதால் பயன் பெற்றவர்கள் எதனால் பெற்றார்கள்? பிளேஸ்டேஷன் 5ஐ எடுத்துக்கொள்வோம். 2019 மேயில், பெட்டி வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, சோனி முதலீட்டாளர்களுக்கு ஒரு காட்சி காட்டியது. 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் நகரின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போக முந்தைய பெட்டி எட்டு நொடி எடுத்தது. புதியது ஒரு நொடிக்கும் குறைவாக முடித்தது. சுழலும் வட்டுக்குப் பதில் மின்நினைவகம் வந்ததன் பலன் அது. ஒரு மாலையில் அத்தகைய காத்திருப்பு எத்தனை முறை வரும் என்று விளையாடுபவர் அறிவர். அலுவலகம் விட்டு வந்து ஒரு மணி நேரம் மட்டும் விளையாட வாய்ப்புள்ளவருக்கு இந்த மாற்றம் 4கேயைவிட மேலானது. அரை நூற்றாண்டு வரலாற்றில் இப்படி நேரத்தைத் திருப்பித் தந்த மாற்றங்கள் மிகச் சில.

2025 ஜூன் 5ஆம் நாள் 450 டாலர் விலையில் வந்த ஸ்விட்ச் 2 இன்னொரு சான்று. முந்தைய ஸ்விட்ச் 2017 முதல் கையில் 720 வரி, தொலைக்காட்சியில் மிகுந்தால் 1080 வரி என்ற நிலையிலேயே 15 கோடிக்கு மேல் விற்றது. புதியது கையில் 1080, தொலைக்காட்சியில் 4கே வரை போகும். ஆனால் மாறியவர்கள் முதலில் கொண்டாடியது 'போக்கிமான் ஸ்கார்லெட்', 'வயலெட்' விளையாட்டுகளை. 2022இல் திக்கித் திணறி ஓடியதற்காகப் பலரும் ஏசிய விளையாட்டுகள் அவை. புதுப் பெட்டியில் இலவசத் திருத்தத்தோடு நொடிக்கு 60 படங்களாக வழுக்கிக்கொண்டு ஓடின. செல்டா விளையாட்டுகள் இரண்டுக்கும் அதே வேகம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் 10 டாலர் கட்டணம். ஏற்கெனவே வாங்கிய நூலின் தெளிவான அச்சுக்கு மறுபடி காசு கேட்பது போன்றது இது, நமக்கு உடன்பாடில்லை.

ஆகவே நம்மிடம் கேட்பவர்க்கு நாம் சொல்வது இது. பழைய பெட்டியில் ஓடாத, தவறவிட முடியாத இரண்டு மூன்று விளையாட்டுகள் உள்ளனவென்றால் வாங்குக. காத்திருப்பும் தடுமாற்றமும் பொறுமையைச் சோதிக்கின்றன என்றாலும் வாங்குக. வீட்டில் பெரிய 4கே திரை ஏற்கெனவே இருந்து, அதற்கு ஆறேழு அடிக்குள் அமர்பவராயின் புள்ளிகளும் ஓரளவு கண்ணுக்கு வந்து சேரும். இவற்றுள் எதுவும் இல்லாமல் அதே விளையாட்டு, அதே திரை, அதே நாற்காலி என்றால், அந்த 50,000 ரூபாயில் பழைய பெட்டிக்கே பல ஆண்டுகளுக்கான விளையாட்டுகள் கிடைக்கும்.

எண்களின் ஓட்டம் 4கேயோடு நிற்கும் என்று எவரும் எண்ண வேண்டாம். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதன் அட்டையில் 8கே என்று பொறித்திருந்தது. 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். 2024இல் அந்த முத்திரை ஓசையின்றி அட்டையிலிருந்து மறைந்தது. இடைப்பட்ட காலத்தில் 8கேயில் வரையப்பட்டதாகப் பெயர் பெற்றது 'தி டூரிஸ்ட்' என்ற ஒரு சிறு விளையாட்டு. 2021இல் வந்த அதன் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு, படத்தை உள்ளே 8கேயில் வரைந்து, பின் 4கேயாகச் சுருக்கித் திரைக்கு அனுப்பியது. அதில் வரும் மனிதர், மரம், கடற்கரை யாவும் சின்னஞ்சிறு கனசதுரங்களை அடுக்கிச் செய்தவை.